மஞ்சப்பையில் பீஸ் கட்டை

லைன்மேன் வீட்டிலேயே கரண்ட் இல்லை என்றால் தெருவுக்கு அது ஒரு வேடிக்கை. சாதாரண நாளில் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டு, "என்னாம்மா, உங்க வீட்டுக்காரரே பீஸைப் புடுங்கிட்டுப் போயிட்டாரா?" என்று கேட்பார். நானும் ஏதாவது திருப்பிக் கொடுப்பேன். அந்தப் புயலுக்குப் பிறகு கேலி செய்யக்கூட ஒருத்தருக்கும் தெம்பில்லை. என்னைப் பார்த்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். என்னிடமும் ஒரே பதில்தான் இருந்தது. கேட்டவர்களும் அலுத்தார்கள், நானும் அலுத்தேன்.

வேங்கிக்காலில் புதிதாக மனை போட்ட பகுதியில் எங்கள் வீடு. கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம். முன்னறையில் இரண்டு கிரைண்டரும் ஒரு பெரிய ஃப்ரிட்ஜும் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறேன். தெருவுக்குக் கொஞ்சம், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற விடுதிகளுக்கு மீதி. வெள்ளைக்காரர்கள் என் மாவில் ஊற்றிய தோசையில் வாழைப்பழம் வைத்துத் தின்கிறார்களாம். தின்னட்டும். பெண்ணைக் கட்டிக்கொடுத்து பெங்களூருக்கு அனுப்பியாகிவிட்டது. வீட்டில் நானும் அவரும்தான். கம்பம் ஏறி இறங்கியே முட்டி தேய்ந்த மனுஷன் அவர்.

புயல் கடற்கரைக்கு என்றுதான் சொன்னார்கள். அது வருவதற்கு முன்பே அவரையும் இன்னும் சிலரையும் கம்பங்களும் கம்பிச் சுருள்களும் ஏற்றிய லாரியோடு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். புயல் அடித்து ஓய்ந்ததும் உடனே வேலை தொடங்க வேண்டுமே. கிளம்பும்போது வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "நமக்கு மழைதான். காத்து கம்மியாத்தான் இருக்கும். பயப்படாத" என்றார். நான் பயப்பட்டது காற்றுக்கு இல்லை என்று அவருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் யாரும் நினைக்காதது நடந்தது. கரையைக் கடந்த புயல் அங்கேயே ஓயாமல் மெதுவாக மேற்கே நகர்ந்து வந்து எங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்துகொண்டது. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் எப்போதும் கண்ணில் விழுகிற அண்ணாமலையார் மலை காணாமலே போய்விட்டது. ஏரி நிரம்பி, வழிந்த தண்ணீர் ரோட்டில் ஓடியது. தெரு முனையில் இருந்த புங்கமரம் வேரோடு சாய்ந்து கம்பியின் மேல் விழுந்தது. பட்டென்று ஒரு சத்தம். கிரைண்டர் நின்றது.

பாதி அரைந்த உளுந்து. கல்லுக்கு அடியில் சிக்கியதையெல்லாம் கையால் வழித்து வழித்து எடுத்தேன். அடுத்த ஈடுக்கு ஊறப்போட்ட அரிசி அண்டாவில் இருந்தது. ஃப்ரிட்ஜில் முந்தின நாள் மாவு பாக்கெட் பாக்கெட்டாக அடுக்கியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தேன். மறுநாள் திறந்தபோது பாக்கெட்டுகள் பலூன் மாதிரி உப்பிக் கிடந்தன. கொட்ட மனசு வரவில்லை. தெருவில் எல்லோருக்கும் கொடுத்தேன். ரெண்டு மூன்று நாள் எங்கள் தெரு முழுக்கப் புளித்த தோசை வாசனைதான். "பச்சை மிளகாயும் வெங்காயமும் ஜாஸ்தியா போட்டா தெரியல அக்கா" என்று பெரிய மனசோடு சொன்னார்கள். பிறகு அதுவும் தீர்ந்தது.

மழை விட்ட பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. மழை பெய்யும்போது மனிதனுக்கு ஒரு பரபரப்பு இருக்கிறது. சாமானைத் தூக்கி மேலே வைக்கிறோம், தண்ணீரை வாரிக் கொட்டுகிறோம், ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுப் பேசுகிறோம். மழை விட்டதும் அது போய்விடுகிறது. ஈரத்துணியும் கொசுவும் மெழுகுவர்த்தியும்தான் மிச்சம். ஊரெல்லாம் தண்ணீராக ஓடியது, குளிக்கத் தண்ணீர் இல்லை. போர் மோட்டாருக்குக் கரண்ட் வேண்டுமே. குடத்தைத் தூக்கிக்கொண்டு கைபம்புக்குப் போய் வரிசையில் நிற்பேன். அந்தப் பம்பை அதுவரை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை நாங்கள். அடித்து அடித்துத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பிட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன். தூக்கமும் வராது, செய்வதற்கு வேலையும் இருக்காது.

இதில் என் பாடு தனி. தெருவில் யாருக்கு எரிச்சல் வந்தாலும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

"அக்கா, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அண்ணன் எங்க இருக்காருனே எனக்குத் தெரியலப்பா. போன் போக மாட்டேங்குது."

"ஊருக்கெல்லாம் கம்பம் நடப் போயிட்டாரு. சொந்தத் தெரு கெடக்குது பாருங்க."

அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை என் முகத்துக்கு நேரே சொல்லும்போது பற்றிக்கொண்டு வரும். ஏன், அவர் என்ன விருந்துக்கா போயிருக்கிறார்? ஒருநாள் ஒருத்தரிடம் கேட்டே விட்டேன். அதற்கப்புறம் இரண்டு நாள் கேள்வி குறைந்தது.

போனை சார்ஜ் போட கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு கடைக்குப் போவேன். ஜெனரேட்டர் ஓட்டுகிற கடை. நீளமாக ஒரு பலகையில் ஊர்ப்பட்ட போன்கள் வயரோடு கிடக்கும். எது யாருடையது என்று தெரியாமல் சண்டை நடக்கும். அங்கே நின்றுகொண்டே அவருக்கு அடித்துப் பார்ப்பேன். ஒருநாள் கிடைத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

"கல்யாண மண்டபத்துல தங்க வெச்சிருக்காங்க. சோறு குடுக்கறாங்க. கம்பம் எல்லாம் பல்லு விழுந்தாப்புல வரிசையா சாஞ்சு கெடக்குது இங்க."

"மஞ்சப்பை எடுத்துக்கிட்டுப் போனீங்கல்ல?"

"இடுப்புலதான் இருக்குது."

அதோடு லைன் போய்விட்டது. அந்த ஒரு பதில் போதும் எனக்கு. போனை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அந்த மஞ்சப்பை என்ன என்று சொல்ல வேண்டும். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த சாதாரணத் துணிப்பை. கம்பம் ஏறுவதற்கு முன்னால் அவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் அந்தத் தெருவுக்குக் கரண்ட் போகிற பீஸ் கட்டைகளைப் பிடுங்குவார். வெள்ளைப் பீங்கானில் செப்புக் கம்பி கட்டியிருக்குமே, அதுதான். மற்றவர்கள் பிடுங்கி அங்கேயே ஒரு ஓரமாக வைத்துவிட்டு வருவதுண்டு. இவர் வைக்க மாட்டார். மஞ்சப்பையில் போட்டு, வாயைச் சுருட்டி, பெல்ட்டில் கட்டிக்கொண்டுதான் ஏறுவார். கட்டை தன் இடுப்பில் இருக்கிறவரைக்கும் எவனும் தெரியாமல் கரண்ட் விட முடியாது என்பது அவர் கணக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் மஞ்சப்பை காலியாக ஆணியில் தொங்கும். அதைப் பார்த்த பிறகுதான் நான் உலை வைப்பேன். வெளியே யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதுவும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முன்பு ஒரு புயலின்போது அவரோடு வேலை பார்த்த ஒருவர், பீஸ் கட்டையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் ஏறினார். யாரோ ஒரு வீட்டில் வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து மாட்டி, மெயினை அணைக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கரண்ட் வீட்டுக்குள் நிற்காமல் லைனுக்குத் திரும்பி வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து வருவதைத்தான் கட்டை தடுக்கும். வீட்டுப் பக்கத்திலிருந்து வருவதை யார் தடுப்பது? அந்த மனிதர் உயிர் பிழைத்தார். வலது கை போனது. அவர் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் அவருக்குச் சோறு ஊட்டியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து தெருவில் கல்யாணம், காதுகுத்து என்று எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடினாலும் போய், "மெயின் ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

தண்ணீர்க் கஷ்டம் முற்றியபோது எங்கள் தெருவுக்கும் ஒரு ஜெனரேட்டர் வந்தது. கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் சின்ன லோடு வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக வந்தார். எந்த வீட்டு வாசலில் நிறுத்துகிறாரோ அந்த வீட்டு மோட்டார் ஓடும். மாடி டேங்க் நிரம்பியதும் அடுத்த வீடு. கடைசி வீட்டு ஐயாதான் முதல் ஆளாகப் பேசி அவரை வரவழைத்தவர். ரிட்டையர் ஆனவர், நல்ல மனுஷர். மகளும் பேரப்பிள்ளைகளும் கார்த்திகை தீபத்துக்கு வருகிறார்கள் என்று புயலுக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் ஓட்டினார்கள். மெயினை அணைத்துவிட்டு நான் பக்கத்திலேயே நின்றேன். மற்ற வீடுகளில் சொல்லிப் பார்த்தேன். "லைன்தான் அறுந்து கெடக்குதே அக்கா, எங்க போகப் போகுது கரண்ட்?" என்றார்கள். கம்பத்தில் ஆள் இல்லாதபோது நானும் எத்தனை தடவைதான் சொல்வது? விட்டுவிட்டேன்.

தீபத்துக்கு முந்தின நாள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். திருவிழாவுக்கு ஊரில் ஆள் வேண்டும். வந்து இறங்கிய கோலம் பார்க்கச் சகிக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கையெல்லாம் கீறல், கால் விரல் இடுக்குகள் தண்ணீரில் நின்று நின்று வெளுத்திருந்தன. குளிக்க ஒரு வாளி தண்ணீர் எடுத்து வைத்தேன். குளித்துவிட்டு ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். விடிவதற்குள் கோயில் பக்கம் வேலைக்கு ஓட வேண்டியிருந்தது.

மாட வீதிகளிலும் கிரிவலப் பாதையிலும் கரண்ட் எப்போதோ வந்துவிட்டது. ஊருக்கு வெளியூர் ஜனம் லட்சக்கணக்கில் வரும்போது அதைத்தானே முதலில் பார்க்க முடியும். புரிகிறது. ஆனாலும் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் ஜெகஜோதியாக இருக்கும், இந்தப் பக்கம் நாங்கள் கொசு அடித்துக்கொண்டு நிற்போம். தீபத்தன்று எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் கரண்ட் வந்துவிட்டது. அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிவிட்டால் எங்கள் தெருவுக்கும் வந்துவிடும். அவர் மேலதிகாரியிடம் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு, கூட ஒரு ஆளோடு, சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வந்தார்.

"இருட்டப் போகுதுங்க. நாளைக்குக் காலையில பார்க்கக்கூடாதா?" என்றேன்.

"தீபத்தன்னிக்கு நம்ம தெருவுல கரண்ட் இல்லைனா உன்னை நிம்மதியா விடுவாங்களா?"

"ஜெனரேட்டர்காரன் சுத்திக்கிட்டு இருக்கான்."

அவர் மலைப் பக்கம் கையைக் காட்டினார். "இதைவிட நல்ல நேரம் கெடைக்காது. மேல தீபம் ஏத்தற வரைக்கும் எவன் வீட்டுல லைட்டு போடப் போறான்? அதுக்குள்ள ஜாயின்ட் அடிச்சிட்டு எறங்கிடுவேன்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலை உச்சியில் தீபம் ஏறுகிற வரைக்கும் ஒரு வீட்டிலும் விளக்கு ஏறாது. அகல் விளக்கெல்லாம் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக இருக்கும். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டு நிற்போம். மேலே நெருப்பு தெரிந்த பிறகுதான் கீழே. கரண்ட் விளக்கைக்கூட அந்த நேரத்தில் அணைத்துவிடுவார்கள் எங்கள் தெருவில். இது எவரும் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை, இருட்டினால் கொட்டாவி வருகிற மாதிரி தானாக நடப்பது. அதை நம்பித்தான் அவர் ஏறினார். நானும் அதை நம்பித்தான் சரி என்றேன்.

கடற்கரையிலிருந்து வந்த அசதி அவர் நடையில் தெரிந்தது. ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்ப் பீஸ் கட்டைகளைப் பிடுங்கி, மஞ்சப்பையில் போட்டு, வாயைச் சுருட்டி, பெல்ட்டில் கட்டிக்கொண்டார். ஒன்று விடாமல் பார்த்தேன். கூட வந்தவரைத் தெரு முனையில் கம்பியைப் பிடித்து இழுக்க நிறுத்தினார். கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறினார். நான் கம்பத்துக்குக் கீழேயே நின்றேன்.

தெருவே மாடியில் இருந்தது. மேகம் மலை உச்சியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. "தெரியுமா, தெரியாதா" என்று மாடிக்கு மாடி பேசிக்கொண்டார்கள். இத்தனை நாள் பட்டதற்கு தீபமாவது கண்ணுக்குத் தெரியட்டும் என்ற ஏக்கம் எல்லோர் குரலிலும் இருந்தது. எதிர்வீட்டு அக்கா மேலிருந்து கூப்பிட்டார்: "நீ வரல? கம்பத்தையா பார்த்துக்கிட்டு நிப்ப?" நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போது கேட்டது. தெருவின் கடைசியில், கடகடவென்று அந்தச் சத்தம்.

மேலே பார்த்தேன். கம்பியை நோக்கி அவர் குனிந்துகொண்டிருந்தார். "ஏங்க! தொடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் முடிவதற்குள் ஊர் மொத்தமும் கத்தியது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

மேலே தீபம் ஏறிவிட்டது. ஒரு மாடி, இரண்டு மாடி இல்லை. எல்லா மாடியிலிருந்தும், அடுத்த தெருவிலிருந்தும், ஊரின் அந்தக் கோடியிலிருந்தும் அரோகரா, அரோகரா. கூடவே வெடிச் சத்தம். நான் தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. இனிமேல் கத்திப் பயனில்லை என்று தெரிந்ததும் திரும்பி ஓடினேன். செருப்பு எங்கேயோ கழன்று போயிற்று. சேறு. புடவை காலைத் தட்டியது. கடைசி வீடு அவ்வளவு தூரமா? தினம் மாவு கொடுக்கப் போகிற வீடு. அன்று வரவே மாட்டேன் என்றது.

வாசலில் லோடு வண்டி நின்றது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஆள் இல்லை. கீழ்பென்னாத்தூர்க்காரரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு மலையைப் பார்க்கத் தள்ளிப் போயிருந்தார். எதை அழுத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. கிரைண்டர் ஓட்டுகிறவளுக்குப் பிளக் தெரியும். தடியாக ஒரு வயர் அதிலிருந்து வீட்டுக்குள் போனது. அதன் பிளக்கை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினேன். சுமை இறங்கியதும் அந்தச் சனியன் இன்னும் சத்தமாக உறுமியது. வயரைக் கையில் பிடித்துக்கொண்டே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிக் கம்பத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஐயா மாடியிலிருந்து இறங்கி வந்தார். நெற்றியில் விபூதி, கையில் எரிகிற அகல்.

"என்னாம்மா ஆச்சு? ஏன் புடுங்கின?"

"கம்பத்துல ஆள் இருக்குது! மெயினை அணைச்சீங்களா?"

அவர் வயரையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் லைட்டு போடலையேம்மா. மோட்டாரைத்தானே போட்டேன். தீபம் ஏத்தற வரைக்கும் லைட்டு போடக்கூடாதுனுதான்... டேங்க்கை மட்டும் ரொப்பிடலாம்னு. புள்ளைங்க வர்ற நேரம்..."

அவரைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. விளக்கு ஏற்றக்கூடாது என்று ஊர் வழக்கம் இருக்கிறது, தண்ணீர் ஏற்றக்கூடாது என்று இல்லையே. கம்பத்தில் ஏறினவரும், கீழே நின்ற நானும், மோட்டார் போட்ட இவரும் ஒரே வழக்கத்தை மதித்துத்தான் அவரவர் வேலையைச் செய்தோம்.

பின்னாலிருந்து குரல் கேட்டது. "ஏய், என்னாத்துக்குக் கீழ உட்கார்ந்திருக்க?"

அவர்தான். கயிறு தோளில், மஞ்சப்பை இடுப்பில். இரண்டு கையும் இருந்தன.

எழுந்து போய் அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தேன். பிறகு தெரு பார்க்க, ஐயா பார்க்க, அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எந்தப் பக்கத்துக் கரண்டையும் மண்ணில் இறக்கிவிடுகிற எர்த் கம்பி போட்டு ஏறினால் என்ன என்று கேட்டேன். அது லாரியோடு கடற்கரையிலேயே இருக்கிறதாம். எர்த் கம்பி இல்லையென்றால் எதற்கு ஏறுகிறீர்கள் என்று கேட்டேன். நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அரோகரானு சத்தம் கேட்டுது. கும்பிடலாம்னு கம்பிகிட்ட இருந்து கையை எடுத்தேன். கீழ பார்த்தா எல்லா சனமும் மலையைப் பார்த்து நிக்குது, நீ ஒருத்தி மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஓடற. சாமிக்கு முதுகைக் காட்டற ஆளு இல்லையே இவள்னு தோணுச்சு. எடுத்த கையை அப்படியே வெச்சுக்கிட்டேன்."

அண்ணாமலையார் காப்பாற்றினார் என்றுதான் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும், நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் சேற்றில் ஓடியவள் நான்.

ஐயா வீட்டு மெயினை அணைத்து, ஜெனரேட்டரை நிறுத்தி, லோடு வண்டியைத் தெருவை விட்டே அனுப்பிய பிறகு அவர் திரும்ப ஏறினார். இந்தத் தடவை கூட வந்தவரை ஒவ்வொரு வாசலாக நிறுத்தி, மெயின் அணைந்திருக்கிறதா என்று கேட்க வைத்தேன். ஜாயின்ட் அடித்துவிட்டு இறங்கினார். கூட வந்தவருக்குக் கோயில் பக்கத்திலிருந்து அழைப்பு வந்து கிளம்பிவிட்டார். பீஸ் கட்டையைச் சொருகினால் வேலை முடிந்தது.

"ஒரு வாய் காபி குடு. குடிச்சிட்டுப் போய்ச் சொருகிடறேன்" என்று வீட்டுக்குள் வந்தார்.

காபி கலந்து எடுத்து வந்தபோது தரையில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மஞ்சப்பை இடுப்பிலேயே இருந்தது. வாசலில் நான் வைத்த அகல் விளக்கின் வெளிச்சம் அவர் காலடி வரைக்கும் வந்தது. எழுப்பக் குனிந்தேன். எழுப்பவில்லை. பெல்ட்டில் இருந்த முடிச்சை மெதுவாக அவிழ்த்து, பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பீங்கான் கனத்தது.

வெளியே தெரு முழுக்க அகல் எரிந்தது. ஒரு கரண்ட் விளக்கு இல்லாத தெருவில் அகல் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று எங்கள் யாருக்குமே அதுவரை தெரியாது. பிள்ளைகள் தெருவில் ஓடுகிற சத்தம் கேட்டது. ஐயா வீட்டுப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"என்னாம்மா, வேலை முடிஞ்சிடுச்சுன்னாங்களே. கரண்ட் எப்ப வரும்?"

என் மடியில் இருந்த பையின் மேல் முந்தானையை இழுத்துவிட்டேன்.

"வரும்க்கா. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தூங்குகிற மனிதரைப் பார்த்தார். முந்தானைக்கு அடியில் தெரிந்த மஞ்சள் துணியையும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். எத்தனையோ வருஷம் அந்தப் பீஸை வைத்து எங்களைக் கேலி செய்தவர். எங்கள் வாசல் அகலில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டுப் போனார்.

தெருவில் யாரோ அக்காவிடம் கேட்டார்கள். "லேட்டாகுமாம், போய் வேலையைப் பாருங்க" என்று அவர் அதட்டுவது கேட்டது.

தூங்குகிறவர் தானாக விழித்துக்கொள்கிற வரைக்கும் நான் அசையவில்லை. கால் மரத்துப்போயிற்று. மலையில் தீபம் எரிந்துகொண்டிருந்தது, வாசலுக்கு நாலடி போனால் தெரியும். போகவில்லை.